"தம்பி, பில்லு எங்க இருக்கு?" – காந்தி மார்க்கெட் சொல்லிக்கொடுத்த மெனு பாடம்



ராத்திரி ரெண்டரை மணிக்கு நம்ம காந்தி மார்க்கெட் பக்கம் போயிருக்கீங்களா? ஊரே தூங்கும்போது அங்க மட்டும் பகல் மாதிரி இருக்கும். லாரி பின்பக்கமா வரும், மூட்டை இறங்கும், தராசு ஆடும், விலை காதுல விழும், பணம் கை மாறும். ஒரு நிமிஷம் நடு வழியில நின்னு யோசிச்சீங்கன்னா "ஒதுங்கு ஒதுங்கு"ன்னு தலையில மூட்டையோட ஒருத்தர் வந்துடுவார். நின்னு யோசிக்கிற இடமே இல்ல அது.

அந்த இடத்துலதான் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முதல் நாளே படுத்துடுச்சு. கோடுல பக் இல்ல. சர்வர் டவுன் இல்ல. மெனு சரியில்ல, அவ்வளவுதான். அந்தக் கதையையும், அதுக்கப்புறம் நாங்க கத்துக்கிட்டதையும் சொல்றேன். மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட்டோ, ஹேக்கத்தானோ, எதுவா இருந்தாலும் ஒரு மெனு போடாம நீங்க தப்பிக்க முடியாது. அதனால இது உங்களுக்கும் உதவும்.

முதல்ல எங்க தப்பு

ஒரு கமிஷன் மண்டிக்கு ஆப் செய்றதுதான் ப்ராஜெக்ட். விவசாயி மூட்டை கொண்டு வருவார். மண்டிக்காரர் அதைச் சில்லறை வியாபாரிகளுக்கு வித்துக் கொடுப்பார். கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை எல்லாம் கழிச்சு மீதியை விவசாயிக்குக் கொடுப்பார். இதுவரைக்கும் நோட்டுல எழுதினதை போன்ல எழுத வைக்கணும்.

நாங்க மூணு பேர். டேட்டாபேஸை ரொம்ப அழகா டிசைன் பண்ணோம். அப்புறம் மெனு வேணுமேன்னு அஞ்சு தலைப்பு போட்டோம்: மாஸ்டர், டிரான்சாக்ஷன், ரிப்போர்ட், யுடிலிட்டி, செட்டிங்ஸ். ரிவ்யூல பார்த்தவங்க எல்லாம் "நீட்டா இருக்கு"ன்னாங்க. எங்களுக்கும் பெருமைதான்.

மண்டியில முதல் ராத்திரி. முதல் வியாபாரி மூணு மூட்டை சின்ன வெங்காயம் எடுத்துட்டு நிக்கிறார். மண்டி ஐயா போனைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பில்லு எங்க இருக்கு?"

"டிரான்சாக்ஷன் உள்ள போங்க ஐயா. சேல்ஸ். அதுக்குள்ள இன்வாய்ஸ். அதுக்குள்ள நியூ."

அவர் மாஸ்டரைத் தொட்டார். திரும்ப வந்தார். ரிப்போர்ட்டைத் தொட்டார். அதுக்குள்ள பின்னாடி நாலு பேர் சேர்ந்துட்டாங்க. போனை மேசையில கவுத்து வச்சுட்டு, பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சார். திட்டவே இல்ல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதைவிடப் பெரிய தப்பு நாலு மணிக்கு நடந்துச்சு. கணக்கு எழுதுற அண்ணன் விடாம ஆப்லயும் பதிஞ்சுக்கிட்டே இருந்தார். ஒரு விவசாயியோட பில்லை அச்சடிக்கப் போனவர், 'அச்சிடு'க்கு நேர் கீழ நாங்க வச்சிருந்த 'அழி'யைத் தொட்டுட்டார். "உறுதியா?"ன்னு கேட்டுச்சு. அவசரத்துல "ஆம்". பதினாலு மூட்டைக் கணக்கு காணோம். அந்த விவசாயி பெரம்பலூர் பக்கம். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பி நிக்கிறார். நோட்டுலயும் எழுதி வச்சிருந்ததால அவருக்கு வரவேண்டிய பணம் சரியா போச்சு. நோட்டு இல்லாம எங்க ஆப்பை மட்டும் நம்பியிருந்தா? ஒரு ஆளோட மூணு மாச வெயில் எங்க மெனுவுல ஒரு வரி இடைவெளியில தொலைஞ்சிருக்கும்.

அன்னைக்கு விடியக்காலை டீக்கடையில உக்காந்து பேசினதுதான் இந்தக் கட்டுரை.

பாடம் 1: மெனு யாரோட வரிசை?

எங்க மெனுவைத் திரும்பப் பாருங்க. மாஸ்டர்னா மாஸ்டர் டேபிள். டிரான்சாக்ஷன்னா டிரான்சாக்ஷன் டேபிள். அது அப்படியே எங்க டேட்டாபேஸோட படம். சாமானை உள்ள அடுக்கி வச்சவனோட வரிசை. தேடி வர்றவனோட வரிசை இல்ல.

மார்க்கெட்டுல இருக்கிற ஒரு சின்னக் கடையைக் கவனிங்க. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் ஒரே ஆள்கிட்ட இருக்கும். தாவரவியல்படி பார்த்தா இதுல இலை இருக்கு, மண்ணுக்கடியில இருக்கிற தண்டு இருக்கு, காய் இருக்கு, பழம் இருக்கு. ஒரு டேட்டாபேஸ் ஆளைக் கேட்டா நாலு டேபிள் போடுவான். ஆனா சமைக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஒரே நேரத்துல, ஒரே வேலைக்கு வேணும். அதனால ஒரே இடத்துல இருக்கு.

ஆனா மொத்த வியாபாரத்துக்கு வந்தா வேற வரிசை. வெங்காயத்துக்குத் தனி மண்டி. வாழைக்காய்க்குத் தனி மண்டி. ஏன்னா ஒரு கடைக்காரர் வாழைத்தார் மட்டும் லோடு கணக்குல எடுக்க வர்றார். நாலு மண்டியில விலை விசாரிச்சு எடுக்கணும். அவருக்கு ஒரே சரக்கு பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தான் வசதி.

ரெண்டு வரிசையும் சரிதான். யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு பார்த்துத்தான் வரிசை மாறுது. மெனு போடுறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

பாடம் 2: சீட்டு போட்டுப் பாருங்க

சரி, தேடுறவங்க மனசுல என்ன வரிசை இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? இதுக்கு ஒரு பழைய முறை இருக்கு. கார்டு சார்ட்டிங்னு பேரு. செலவு இருபது ரூபாய் சார்ட் பேப்பர்.

ஆப் செய்ற ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டுல எழுதுங்க. எங்களுக்கு 31 சீட்டு வந்துச்சு. பயன்படுத்தப் போறவங்க முன்னாடி கொட்டிட்டு, "எதெல்லாம் ஒண்ணா இருக்கணுமோ அதைச் சேர்த்து வைங்க, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பேர் சொல்லுங்க"ன்னு கேளுங்க. அப்புறம் வாயை மூடிக்கணும். அதுதான் கஷ்டமான பகுதி.

மண்டி ஐயா, கணக்கு அண்ணன், ஐயாவோட மகள் மூணு பேரும் தனித்தனியா அடுக்கினாங்க. பகல் ரெண்டு மணிக்கு, மார்க்கெட் கொஞ்சம் மூச்சு விடுற நேரத்துல. எங்களுக்குக் கிடைச்ச ரெண்டு அதிர்ச்சி:

ஒண்ணு, 'விவசாயி பேர் சேர்'ங்கிற சீட்டை நாங்க மாஸ்டர்ல வச்சிருந்தோம். மூணு பேருமே அதை 'லோடு வந்தது'க்குப் பக்கத்துல வச்சாங்க. புது விவசாயி முதல் தடவை லோடோட வரும்போதுதானே பேர் எழுதுவாங்க! சும்மா உக்காந்து யாரும் மாஸ்டர் என்ட்ரி போடுறதில்ல.

இன்னொண்ணு வார்த்தை. நாங்க 'வெண்டர்'னு எழுதின இடத்துல அவங்க 'விவசாயி'ன்னாங்க. 'இன்வாய்ஸ்' அவங்களுக்கு பில்லு. 'லெட்ஜர்' பற்று வரவு. 'அவுட்ஸ்டாண்டிங்' பாக்கி. 'இன்வர்ட்' வரத்து. நான் படிச்சது பூராவும் இங்கிலீஷ் மீடியம். 'வரத்து'ங்கிற வார்த்தையே எனக்கு அன்னைக்குத்தான் சரியா புரிஞ்சுது. தமிழ்ப்படுத்துறேன்னு 'உள்வரவுப் பதிவேற்றம்'னு போட்டிருந்தா அது இன்னும் மோசம். அவங்க வாயில இருக்கிற வார்த்தைதான் மெனுவுல இருக்கணும்.

பாடம் 3: ஆழமா, அகலமா?

"மெனுவுல ஏழு ஐட்டத்துக்கு மேல கூடாது"ன்னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. வைவாவுல நானும் சொல்லியிருக்கேன். இது ஜார்ஜ் மில்லர் 1956ல எழுதின புகழ்பெற்ற கட்டுரையில இருந்து வருது, 'ஏழு, கூட்டியோ குறைச்சோ ரெண்டு'. ஆனா அந்தக் கட்டுரை மனசுல தற்காலிகமா எவ்வளவு வச்சுக்க முடியும்ங்கிறதைப் பத்தினது. மெனு கண்ணு முன்னாடி ஸ்கிரீன்ல இருக்கு. அதை யாரும் மனப்பாடம் பண்ண வேண்டாம். ஏழுங்கிற எண்ணை இங்க கொண்டுவர்றது சிலபஸ் மாத்திப் படிக்கிற மாதிரி.

உண்மையான கேள்வி ஆழம், அகலம் பத்தினது. 64 வேலை இருக்குன்னு வைங்க. எட்டு தலைப்பு, ஒவ்வொண்ணுலயும் எட்டு. அல்லது ரெண்டு ரெண்டா ஆறு படி. அல்லது 64ஐயும் ஒரே பட்டியலா. டுவைட் மில்லர்ங்கிறவர் (மேல சொன்னவர் இல்ல, வேற மில்லர்) 1981ல இதையேதான் சோதிச்சார். எட்டுக்கு எட்டு, ரெண்டு படி வச்சதுதான் நல்லா வேலை செஞ்சுது. 1998ல லார்சனும் செர்வின்ஸ்கியும் 512 ஐட்டம் வச்சுப் பார்த்தாங்க. எட்டு எட்டா மூணு படி போனது, 16க்கு 32ன்னு ரெண்டு படியில போனதைவிட மெதுவா இருந்துச்சு.

ஏன்? கொஞ்சம் கணக்கு போடுவோம், நாம இன்ஜினியரிங் பசங்கதானே. 1952ல ஹிக் சொன்ன விதிப்படி, பல வாய்ப்புல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க ஆகிற நேரம் எண்ணிக்கையோட லாகரிதமா ஏறும். ஒரு படிக்கு ஆகிற நேரம் = அ + ஆ × லாக்(எண்ணிக்கை), அடிமானம் 2. இதுல 'அ' என்பது ஸ்கிரீன் மாறி, கண்ணு நிலைச்சு, விரல் நகர்ற நிலையான செலவு.

ரெண்டு ரெண்டா ஆறு படி: 6அ + 6ஆ
நாலு நாலா மூணு படி: 3அ + 6ஆ
எட்டு எட்டா ரெண்டு படி: 2அ + 6ஆ
ஒரே பட்டியலா 64: அ + 6ஆ

பாருங்க, 'ஆ' பக்கம் எப்பவும் 6தான். மாறுறது 'அ' மட்டும். ஒவ்வொரு படி கூடும்போதும் ஒரு 'அ' தண்டம் கட்டுறீங்க.

அப்போ 64ஐயும் ஒரே பட்டியலா போட்டுடலாமேன்னு கேட்பீங்க. லாகரிதம் வேலை செய்யணும்னா, எது எங்க இருக்குன்னு தேடுறவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா வரிசை புரியற மாதிரி இருக்கணும். புதுசா வர்றவர் ஒவ்வொண்ணா படிப்பார். அப்போ நேரம் எண்ணிக்கையோட நேரா ஏறும். அதனாலதான் நடுவழி: ரெண்டு படி, கொஞ்சம் அகலமா. பில் போட நாலு படி வச்ச எங்க ஆப் எங்க தோத்துச்சுன்னு இப்போ தெரியுதா?

பாடம் 4: உள்ள எந்த வரிசை?

குவியல் சரி. குவியலுக்குள்ள எது முதல்ல?

வேலை வரிசையா நடக்குதுன்னா அந்த வரிசையிலயே வைங்க. மண்டியில லோடு வரும், எடை போடுவாங்க, விற்பாங்க, கழிவு போடுவாங்க, பணம் கொடுப்பாங்க. மெனுவும் மேலிருந்து கீழ அப்படியே.

ஒரே மாதிரியான பேர்கள் நிறைய இருந்தா, உதாரணமா காய்கறிப் பட்டியல், அப்போ அகரவரிசை. இங்கதான் தமிழ்ல ஆப் செய்ற நமக்கு ஒரு குழி இருக்கு. சும்மா சார்ட்னு கூப்பிட்டா பல மொழிகள்ல அது யூனிகோட் எண்ணைப் பார்த்துத்தான் அடுக்கும். யூனிகோட்ல 'ன' வந்து 'ந'வுக்கு அடுத்தே, 'ப'வுக்கு முன்னாடியே உக்காந்திருக்கு. நம்ம அகராதி வரிசையில 'ன' கடைசி. அதனால ஆப்ல சேனைக்கிழங்கு முதல்ல வந்துச்சு, சேப்பங்கிழங்கு பின்னாடி. அகராதிப்படி சேப்பங்கிழங்குதான் முதல்ல வரணும்.

புள்ளியும் இதே கதைதான். அகராதியில 'ச்' முதல்ல, 'ச' பிறகு. அப்போ பச்சை மிளகாய் முன்னாடி, பசலைக்கீரை பின்னாடி. யூனிகோட்ல புள்ளிக்குறி எழுத்துகளுக்கெல்லாம் பின்னாடி இருக்கிறதால இது தலைகீழா வரும். தீர்வு சுலபம்: வெறும் சார்ட் வேண்டாம், மொழியைப் பார்த்து அடுக்குற கொலேட்டரைத் தமிழ்னு சொல்லிக் கூப்பிடுங்க. ஒரு வரி கோடுதான். ஆனா அந்த ஒரு வரி இல்லாம, ஒரு தமிழ் ஆள் தமிழ்ப் பட்டியல்ல தமிழ்ப் பேரைத் தேடித் தவிப்பார்.

மூணாவது, அடிக்கடி எடுக்கிற நாலஞ்சை மட்டும் மேல தனியா வச்சு, ஒரு கோடு போட்டு, கீழ முழுப் பட்டியல். 1994லயே சியர்ஸும் ஷ்னைடர்மனும் 'பிரிச்ச மெனு'ன்னு இதை ஆராய்ஞ்சிருக்காங்க. எங்களுக்குச் சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு நாலும் மேல.

பாடம் 5: இடத்தை மாத்தாதீங்க

இதைக் கேட்டதும் என் டீம்ல ஒருத்தன் துள்ளினான். "மச்சி, எது அதிகம் பயன்படுதோ அது தானா மேல வர்ற மாதிரி செஞ்சுடலாம். ஏஐன்னு ரிவ்யூல சொல்லலாம்!" செஞ்சோம். ரெண்டு நாள்ல கணக்கு அண்ணன் கும்பிட்டார். "நேத்து தக்காளி இருந்த இடத்துல இன்னைக்கு பீட்ரூட் இருக்கு தம்பி. கை பழக்கத்துல தொட்டுட்டு அப்புறம்தான் பார்க்கிறேன்."

இது நாங்க மட்டும் பண்ணின தப்பு இல்ல. ஆபீஸ் 2000ல மைக்ரோசாஃப்ட் இதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்துச்சு. அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகள் மெனுவுல மறைஞ்சுக்கும். மக்கள் தேடித் தவிச்சாங்க. ஆபீஸ் 2007ல வேர்ட், எக்செல்ல அந்த மெனுவையே தூக்கிட்டு ரிப்பன் வச்சாங்க. 2004ல ஃபிண்ட்லேட்டரும் மெக்ரெனீரும் செஞ்ச சோதனையிலயும், தானா மாறுற மெனுவைவிட மாறாத மெனுதான் வேகமா இருந்துச்சு.

காந்தி மார்க்கெட் 1868ல இருந்து இருக்கு. ராத்திரி கரண்ட் போனாக்கூட மூட்டை தூக்குறவர் போற இடத்துக்குச் சரியா போவார். அவருக்கு போர்டு வேண்டாம். கால் தெரிஞ்சு வச்சிருக்கு. மெனுவையும் கொஞ்ச நாள்ல கண்ணு பார்க்கிறதை நிறுத்திடும், விரல் தெரிஞ்சு வச்சுக்கும். அந்த விரலோட ஞாபகத்தை நாம ஒரு அப்டேட்ல அழிச்சுடக் கூடாது.

இடம் மாத்துறது எவ்வளவு கஷ்டம்னு திருச்சிக்காரங்களுக்குத் தெரியும். நெரிசலைக் குறைக்க, மதுரை ரோட்டுப் பக்கம் கள்ளிக்குடியில புது வணிக வளாகம் கட்டி 2017ல திறந்தாங்க. வியாபாரிகள் பெரும்பாலும் போகல. 2020ல கொரோனா காலத்துல மொத்த வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போச்சு, அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. யார் பக்கம் நியாயம்னு சொல்ல நான் வரல. நெரிசலும் உண்மை, வியாபாரிகளோட பயமும் உண்மை. ஒரு டிசைனரா எனக்குப் புரிஞ்சது: இடம்ங்கிறது கட்டடம் மட்டும் இல்ல. அங்க வந்து பழகின வாடிக்கை, பஸ், டீக்கடை, கடன் சொல்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் இடம்.

உங்க ஆப்லயும் சில நேரம் மாத்தித்தான் ஆகணும். அப்போ பழைய வழியையும் கொஞ்ச நாள் திறந்து வைங்க. பழைய இடத்தைத் தொட்டா "இது இப்போ இங்க இருக்கு"ன்னு கூட்டிட்டுப் போங்க.

பாடம் 6: பூக்கடைக்குப் பக்கத்துல கருவாட்டுக்கடை வேண்டாம்

பதினாலு மூட்டை விஷயத்துக்கு வருவோம். 1954ல ஃபிட்ஸ் சொன்னது: ஒரு இலக்கைத் தொட ஆகிற நேரம், அது எவ்வளவு தூரம், எவ்வளவு பெருசு ரெண்டையும் பொறுத்தது. சின்ன இலக்கை வேகமா தொடப் போனா குறி தப்பும். தப்பினா விழுறது பக்கத்து வரியில. அப்போ பக்கத்து வரி எதுன்னு முடிவு பண்றது நம்ம கையில இருக்கு. 'அச்சிடு'க்குப் பக்கத்துல 'பகிர்' இருந்தா தப்பு நடந்தாலும் நஷ்டம் இல்ல. 'அழி' இருந்தா நஷ்டம் அடுத்தவருக்கு.

"உறுதியா?"ன்னு கேட்டோமேன்னு நாங்களும் வாதம் பண்ணோம். ஒரு ராத்திரியில நூறு தடவை "உறுதியா?"ன்னு கேட்டா, நூத்தி ஒண்ணாவது தடவை யாரும் படிக்க மாட்டாங்க. "ஆம்"ங்கிறதும் விரல் பழக்கமாயிடும்.

தீர்வை நோட்டுலதான் பார்த்தோம். கணக்கு அண்ணன் தப்பா எழுதினா ரப்பர் வச்சு அழிக்கிறதே இல்ல. ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதிக் கையெழுத்து போடுவார். அடிச்சதும் படிக்கிற மாதிரி இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட கணக்கு அழியக் கூடாதுங்கிறது அவங்களுக்குப் பல காலமா தெரிஞ்ச விஷயம். நாங்க டேட்டாபேஸ் பாடத்துல படிச்சும் மறந்த விஷயம். அதனால 'அழி'யை எடுத்துட்டோம். 'பில்லை ரத்து செய்'னு ஒண்ணு, அந்த பில்லைத் திறந்தாத்தான் கடைசியில தெரியும். ரத்து பண்ணினாலும் கோடு போட்டு அப்படியே நிக்கும். திரும்பக் கொண்டு வரலாம்.

பாடம் 7: சில்லறை விஷயங்கள்

மூணு கோடு மெனுவை நம்பாதீங்க. அந்தப் படம் 1981ல ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைஞ்சது. நமக்கு அது மெனுன்னு தெரியும். மண்டி ஐயா அதை டிசைன்னு நினைச்சிருந்தார். முக்கியமான மூணுல இருந்து அஞ்சு இடத்தை ஸ்கிரீனுக்குக் கீழ, கட்டைவிரல் எட்டுற இடத்துல, பேரோட வைங்க. வெறும் படம் மட்டும் போதாது.

இப்போ செய்ய முடியாத வேலையை மறைக்காதீங்க, மங்கலாக் காட்டுங்க. மறைச்சா "நேத்து இருந்துச்சே"ன்னு தேடுவாங்க.

தொட்டதும் வேலை நடந்துடுமா, இல்ல இன்னும் விவரம் கேட்குமான்னு முன்னாடியே தெரியணும். பேருக்குப் பின்னாடி மூணு புள்ளி வைக்கிற வழக்கம் அதுக்குத்தான்.

எல்லா ஆப்லயும் ஃபைல், எடிட், வியூ ஒரே வரிசையில இருக்கே, கவனிச்சிருக்கீங்களா? 1984 மேக்லயே ஃபைல், எடிட் அந்த வரிசையில இருந்துச்சு, 1987ல ஐபிஎம் தன்னோட பொது விதிமுறையா எழுதியும் வச்சது. மக்கள் ஏற்கெனவே பழகின வழி இருந்தா, புதுமைக்காக அதை உடைக்காதீங்க.

கடைசியா, "மற்றவை"ங்கிற தலைப்பு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். எங்க போடுறதுன்னு தெரியாததெல்லாம் அதுல போய் விழும். அது வீங்குதுன்னா உங்க குவியல் தப்புன்னு அர்த்தம்.

அப்புறம் என்ன ஆச்சு?

புது மெனு இதுதான்: வரத்து, விற்பனை, பாக்கி, கணக்கு, மற்றவை. பில் போட ஒரே தொடல், ஏன்னா ஆப் திறந்ததும் விற்பனைதான் நிக்கும். கோடு எழுதுறதுக்கு முன்னாடியே இந்த மெனுவைத் தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனோம். "ஒரு வியாபாரி நேத்துக் கடனைக் கட்ட வர்றார், எங்க தொடுவீங்க?"ன்னு பத்து கேள்வி. எட்டுக்குச் சரியா விரல் வச்சாங்க. தப்பின ரெண்டை மாத்தினோம். தாள்ல மாத்த அஞ்சு நிமிஷம். கோடுல மாத்தியிருந்தா ஒரு வாரம்.

அடுத்த ராத்திரி நான் மண்டி ஓரமா ஒரு காலி மூட்டை மேல உக்காந்திருந்தேன். முதல் பில், ரெண்டாவது பில், பத்தாவது பில். யாரும் என்னை எதுவும் கேட்கல. மூணு மணி வாக்குல ஐயா திரும்பிப் பார்த்து, "இன்னும் இங்கயா இருக்க? போய் டீ குடி தம்பி"ன்னார். நோட்டு இன்னமும் பக்கத்துலயே இருக்கு. அது இருக்கட்டும், இருக்கணும்.

ஃபைனல் ரிவ்யூல "இதுல என்ன நாவல்ட்டி?"ன்னு கேட்டாங்க. மெனுன்னு சொன்னேன். சிரிச்சாங்க. மார்க் சுமார்தான்.

உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இந்த வாரம் உங்க ப்ராஜெக்ட் மெனுவைத் தாள்ல எழுதுங்க. பக்கத்துலயே டேட்டாபேஸ் டேபிள் பேரையும் எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா, சீட்டு வெட்ட ஆரம்பிங்க. அப்புறம் அதைப் பயன்படுத்தப் போறவர்கிட்ட கொண்டு போங்க. கிளாஸ்மேட்கிட்ட வேண்டாம், அவனும் நம்மள மாதிரிதான் யோசிப்பான். முடிஞ்சா ஒரு ராத்திரி காந்தி மார்க்கெட்டையும் சுத்திப் பாருங்க. வழியில மட்டும் நிக்காதீங்க, மூட்டை வரும்!